அவலான் போகும் வழி

அமெரிக்க நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி காணக்கூடிய செய்தி ஒன்று உண்டு. இன்ன வேரிசைக் கலைஞர் புதிய இசைத்தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். அதையொட்டி இத்தனை ஊர்களுக்குப் பயணம் செய்கிறார். வெள்ளிக்கிழமை மாலை நம் ஊரில் பாடுகிறார் என்பது அதன் சாரம். ப்ளூஸ், மலைநாட்டுப் பாட்டு, தேவாலயப் பாட்டு, ஃபிடில் இசை என நாட்டுப்புறத்தில் வாய்வழியாக வளர்ந்த இசைவகைகள் அனைத்தையும் சேர்த்து 'ரூட்ஸ் மியூசிக்' என்று அவர்கள் அழைக்கிறார்கள். தமிழில் வேரிசை எனலாம். தொகுப்பு வெளியிடுவதும் அதனோடு ஊர் ஊராகச் செல்வதும் இன்று இக்கலைஞர்களின் பிழைப்பு முறையாகிவிட்டன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் வேர் என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வேர் ஓரிடத்தில் ஊன்றி நிற்பது. பயணமோ இடம் பெயர்வது. தன் ஊரைத் தாண்டாத ஒருவரின் பாட்டு, முகமறியாத நகரத்து இளைஞர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் பண்டமாக எப்போது மாறிற்று? அவரை அழைத்துச் சென்றவர்கள் யார்? கிடைத்த பொருள் யாரைச் சேர்ந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றால் 1963ஆம் ஆண்டில், மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு சிற்றூரில், ஒரு முதியவரின் வீட்டு வாசலில் போய் நிற்போம். எழுபது வயதில், முதல் இசைத்தட்டு வெளிவந்து 35 ஆண்டுகள் கழிந்த பின், புதிய தொகுப்போடு பயணம் புறப்பட்ட அவர் பெயர் ஜான் ஹர்ட். உலகம் அவரை மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று அறியும். அந்த முன்னொட்டை அவர் தாமாகச் சூட்டிக்கொள்ளவில்லை. விற்பனைக்காக இசைத்தட்டு நிறுவனம் சேர்த்தது அது. அவர் கதை முழுவதையும் இந்தச் சிறு செய்தியே சொல்லிவிடுகிறது என்றும் சிலவேளை எனக்குத் தோன்றும்.

*

ஜான் ஸ்மித் ஹர்ட் பிறந்தது 1892 என்பார் உளர். 1893 என்பாரும் உளர். அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. பிறந்த இடம் மிசிசிப்பியின் கேரல் மாவட்டத்தில் டியோக். வளர்ந்ததும் வாழ்ந்ததும் அருகிலிருந்த அவலான். மிசிசிப்பி டெல்டா எனப்படும் பருத்தி விளையும் சமவெளி முடிந்து மேட்டுநிலம் தொடங்கும் விளிம்பில் இருப்பது அவ்வூர். ஏறத்தாழ ஒன்பது வயதில் கிட்டார் கைக்கு வந்தது. ஆசிரியர் எவருமில்லை. வயல் வேலை, குத்தகைப் பயிர், சில மாதங்கள் ரயில் பாதைக் கூலிவேலை என்று பகல் கழிந்தது. சனிக்கிழமை இரவுகளில் நடனக் கூட்டங்களுக்கு வாசித்தார்.

அவருடைய கைமுறை தனித்துவமானது. வலக்கைக் கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளைக் கடிகாரம்போல் மாறி மாறி மீட்டிக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பாட்டின் மெட்டை, தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக நழுவவிட்டு வாசிக்கும். கேட்பவருக்கு இருவர் வாசிப்பதுபோல் இருக்கும். குரலோ, பக்கத்துத் திண்ணையில் இருப்பவரோடு பேசுவது போன்றது. டெல்டாவின் சார்லி பேட்டனும் சன் ஹவுஸும் தொண்டை கிழியப் பாடியவர்கள். ஹர்ட் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை.

அவர் பாடியவற்றில் பல, செய்தித்தாள் எட்டாத இடங்களுக்குச் செய்தியைச் சுமந்து சென்ற பாட்டுகள். 'ஃபிராங்கி' என்ற பாட்டின் பின்னே 1899இல் செயின்ட் லூயி நகரில் ஃபிராங்கி பேக்கர் என்ற பெண் தன் காதலனைச் சுட்ட நிகழ்ச்சி இருக்கிறது. 'ஸ்டாக் ஓ லீ' அதே நகரில் 1895ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன், பில்லி லயன்ஸைச் சுட்டுக்கொன்றதன் நினைவு. 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' சம்மட்டி வீரன் ஜான் ஹென்றியின் கதையோடு உறவுடையது. இயந்திரத்தோடு போட்டியிட்டு உயிரை விட்ட வீரனைப் போற்றுவது பொதுவழக்கு. இப்பாட்டில் பேசுகிற தொழிலாளியோ, அந்தச் சம்மட்டி என்னைக் கொல்லாது என்று கூறி வேலையை உதறிவிட்டு நடக்கிறான். ரயில் பாதையில் உடன் உழைத்தவர் ஒருவரிடமிருந்து ஹர்ட் கற்றுக்கொண்ட பாட்டு அது.

இவருக்கு வெளியுலகின் கதவைத் திறந்தவர் ஒரு வெள்ளையர். வில்லி நார்மர் என்ற அப்பகுதி ஃபிடில் கலைஞர், தம்மோடு வழக்கமாக வாசிப்பவர் வராத நாட்களில் ஹர்ட்டைத் துணைக்கு அழைப்பார். போட்டி ஒன்றில் வென்று ஓகே நிறுவனத்துக்கு இசைத்தட்டுப் பதிவு செய்யும் வாய்ப்பைப் பெற்ற நார்மர், நிறுவனத்தின் டாமி ராக்வெல்லிடம் ஹர்ட்டைப் பற்றிச் சொன்னார். சட்டம் கறுப்பரையும் வெள்ளையரையும் பள்ளியிலும் ரயில் பெட்டியிலும் கல்லறையிலும் பிரித்து வைத்திருந்த ஊரில், நடனக்கூட்டத்து இசை மட்டும் அந்த வேலியைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

வேலியை இசைத்தட்டு வணிகம் திரும்பவும் நட்டது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' தட்டு ஓகே நிறுவனத்துக்குப் பெரும் விற்பனையைத் தந்தது. கறுப்பர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று வணிகர்கள் அறிந்துகொண்டனர். அதன்பின் கறுப்பினத்தாருக்கென 'ரேஸ்' வரிசையும் வெள்ளைக் குடியானவர்களுக்கென 'பழம்பாட்டு' வரிசையும் தனித்தனியே எழுந்தன. ஹர்ட்டும் நார்மரும் ஒரே நடனத்துக்கு வாசித்தவர்கள். அவர்களுடைய தட்டுகள் இரு வேறு வரிசைகளுக்குப் போயின.

1928 பிப்ரவரி 14 அன்று மெம்ஃபிஸ் நகரில் எட்டுப் பாட்டுகளைப் பதிந்தார்கள். அவற்றில் இரண்டு மட்டுமே ஒரே தட்டாக வெளிவந்தன. அது ஓரளவு விற்றிருக்க வேண்டும். ஏனெனில் ஆண்டு முடிவதற்குள் ராக்வெல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துக் கடிதம் எழுதினார். டிசம்பர் 21, 28 ஆகிய இரு நாட்களில் அங்கே மேலும் பதிவுகள் நடந்தன. குளிர்காலத்தில், முன்பின் அறியாத பெருநகரில் இருந்த குடியானவருக்கு ஊர் நினைவு வந்திருக்கிறது. தம் ஊரின் பெயரை வைத்து 'அவலான் ப்ளூஸ்' என்றொரு பாட்டைப் பாடினார். அவலான் தம் சொந்த ஊர் என்றும், அது எப்போதும் தம் மனத்தில் இருக்கிறது என்றும் சொல்லும் எளிய பாட்டு. அதன் பயன் 35 ஆண்டுகள் கழித்தே தெரிய இருந்தது.

*

மொத்தம் ஆறு தட்டுகள், பன்னிரண்டு பாட்டுகள் வெளியாயின. அடுத்த ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது. 1927இல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி இசைத்தட்டுகள் விற்றன என்றும், 1932இல் அது 60 இலட்சமாகச் சுருங்கிற்று என்றும் இசைத்தொழில் வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்வார்கள். கிராமத்துப் பாடகர்களைத் தேடிச் செல்லும் வேலையை நிறுவனங்கள் கைவிட்டன. ஹர்ட் வயலுக்குத் திரும்பினார். பருத்தி எடுத்தார், மாடு மேய்த்தார், பிள்ளைகளை வளர்த்தார். அவலானில் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. ஆனால் இசைத்தட்டு உலகைப் பொறுத்தவரை அவர் இல்லாதவர்.

1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் ஹாரி ஸ்மித் தொகுத்த 'அமெரிக்க நாட்டார் இசைத் திரட்டு' என்பதை வெளியிட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் வந்த வணிகத் தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தெரிந்தெடுத்து ஆறு நெடுந்தட்டுகளில் அடைத்த தொகுப்பு அது. அதில் ஸ்மித் செய்த முக்கியமான காரியம், பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்பதைக் குறிக்காமல் விட்டது. வணிகம் நட்ட வேலி அங்கே பிடுங்கப்பட்டது. ஹர்ட்டின் பாட்டுகள் இரண்டு அதில் இருந்தன. கேட்டவர்களில் சிலர் அவரை வெள்ளைக்காரர் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களின் கல்லூரி மாணவர்கள் இந்தத் தொகுப்பை மறைநூல்போல் ஓதினார்கள். கீறல் விழுந்த தட்டுகளிலிருந்து வரும் குரல்கள் வேறொரு யுகத்திலிருந்து வருவனவாக அவர்களுக்குத் தோன்றின. பாடியவர்கள் எல்லோரும் எப்போதோ மாண்டு போனவர்கள் என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். இடையில் கழிந்திருந்தவை முப்பது சொச்சம் ஆண்டுகளே. முப்பத்தைந்து வயதில் பாடியவர் எழுபது வயதில் உயிரோடிருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? ஆனால் ஏழைக் கறுப்பர் ஒருவரின் குரல் என்றால் அதைத் தொல்பொருளாகவே கருதும் பழக்கம், அவரை நேசித்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

*

வாஷிங்டனைச் சேர்ந்த டிக் ஸ்பாட்ஸ்வுட், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளம் இசைத்தட்டு ஆர்வலர்களுக்கு 'அவலான் ப்ளூஸ்' பாட்டின் ஒலிநாடாப் படி ஒன்று கிடைத்தது. ஊர்ப்பெயரைக் கேட்டதும் நிலப்படத்தைப் புரட்டினார்கள். அப்போதைய படங்களில் மிசிசிப்பியில் அப்படியோர் ஊரே காணப்படவில்லை. 1878ஆம் ஆண்டு நிலப்பட நூல் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரனாடாவுக்கும் நடுவே ஒரு புள்ளியாக அது இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவலான் என்பது ஒரு கடையும் சில வீடுகளும். கடையில் இருந்தவர்களிடம், இந்தப் பெயரில் ஒரு பாடகரைத் தெரியுமா என்று கேட்டார். அவர்கள் சற்றும் தயங்காமல், சாலையில் இன்ன தொலைவு போனால் மேட்டின்மேல் மூன்றாவது தபால் பெட்டி என்று வழி சொன்னார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் போகாது. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது நம் மரபு. இங்கே முறை தலைகீழாகிறது. புரவலர்கள் பாணனைத் தேடிப் போகிறார்கள். வழி சொன்னது பாணனின் பாட்டு. பரிசில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதும் அதனாலேயே குழம்பிப் போகிறது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

கதவைத் தட்டிய வெள்ளை இளைஞரைக் கண்டு ஹர்ட் அஞ்சினார். காவல்துறையோ மத்திய புலனாய்வுத் துறையோ தம்மைப் பிடிக்க ஆள் அனுப்பியிருக்கிறது என்று எண்ணியதாகப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. இசைப் பத்திரிகைகள் இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே எழுதிவந்தன. அந்த ஆண்டையும் அந்த இடத்தையும் அறிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

அவலானிலிருந்து பதினைந்து மைல் அளவில் இருப்பது கிரீன்வுட் நகரம். 1963இன் முதல் மாதங்களில் கறுப்பர் வாக்குரிமைப் போராட்டத்தின் மையம் அதுதான். வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றவர்களைத் தண்டிக்கும் நோக்கில், லெஃப்லோர் மாவட்ட நிர்வாகம் ஏழைகளுக்கான மத்திய அரசின் உணவுப் பொருள் விநியோகத்தை அந்தக் குளிர்காலத்தில் நிறுத்தி வைத்தது. பிப்ரவரி 28 அன்று இயக்கத் தொண்டர் ஜிம்மி டிராவிஸ் காரில் செல்கையில் சுடப்பட்டார். மார்ச் மாதத்திலேயே இயக்க அலுவலகம் எரிந்தது. எட்டாண்டுகளுக்கு முன், 1955 ஆகஸ்டில், பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்படுவதற்கு முன் கடத்திச் செல்லப்பட்ட மணி என்ற சிற்றூரும் அதே மாவட்டத்தில், அவலானுக்கு அண்மையிலேயே இருக்கிறது. கறுப்புக் குடும்பம் ஒன்றின் வாசலில் முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்டால், அச்சமே அறிவுள்ளோர் செயலாக இருந்த காலம் அது.

வந்தவர் கேட்டதோ ஒரு பாட்டு. ஹர்ட்டிடம் அப்போது சொந்தமாகக் கிட்டார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் கொண்டுவந்திருந்த கிட்டாரை வாங்கி வாசித்தார். கட்டைவிரல் நின்றுவிடவில்லை என்பது தெரிந்துபோயிற்று. அன்று பதிந்த ஒலிநாடா 2011இல் தட்டாக வெளிவந்திருக்கிறது.

*

அதன்பின் நடந்தவை விரைவானவை. அவ்வாண்டு ஜூலையில் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம் அவர் பாட்டுகளை விரிவாகப் பதிவு செய்தது. அம்மாத இறுதியில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார். பீட்மான்ட் என்ற சிறு நிறுவனம் அவருடைய புதிய தொகுப்பை வெளியிட்டது. ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். பெரிய இதழ்கள் அவரைப் பற்றி எழுதின. குடும்பத்தோடு வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து, ஒன்டாரியோ பிளேஸ் என்ற காபிக் கடையில் தொடர்ந்து பாடினார். அங்கிருந்து நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ், கேம்பிரிட்ஜ், பிலடெல்பியா, கல்லூரி வளாகங்கள் என்று பயணம் நீண்டது. 1965 ஏப்ரலில் ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் பாடியது முழு நிகழ்ச்சியாகவே பதிவாகிப் பின்னர் வெளிவந்தது. அந்தப் பதிவைக் கேட்பவர்கள், மாணவர்கள் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்காத அமைதியில் எழும் அந்த மெல்லிய குரலை மறக்க மாட்டார்கள்.

நியூபோர்ட் விழாவின் அந்த 1963ஆம் ஆண்டுக் கூட்டத்தைத் தனியே நினைத்துப் பார்க்க வேண்டும். பாப் டிலனும் ஜோன் பயஸும் பீட் சீகரும், தென்மாநிலச் சிறைகளைக் கண்டு வந்த ஃப்ரீடம் சிங்கர்ஸ் குழுவினரும் கைகோத்து விடுதலைப் பாட்டுப் பாடியது அவ்விழாவில்தான். அதே மாதத் தொடக்கத்தில் டிலனும் சீகரும் கிரீன்வுட்டுக்கே சென்று வயல்வெளிக் கூட்டமொன்றில் பாடியிருந்தார்கள். ஆக, ஒரு பாதையில் நகரத்துப் பாடகர்கள் ஹர்ட்டின் ஊர்ப்பக்கம் போனார்கள். மறுபாதையில் ஹர்ட் அவர்களிடம் வந்து சேர்ந்தார். அவர் அரசியல் பாட்டு எதுவும் பாடவில்லை. தேவாலயப் பாட்டும் கொலைப் பாட்டும் காதல் குறும்புமே பாடினார். ஆனால் எந்த மண்ணில் கறுப்பர்கள் வாக்குக் கேட்டதற்காகச் சுடப்பட்டார்களோ, அந்த மண்ணின் முதியவர் ஒருவர் தொப்பியணிந்து, நாற்காலியில் அமர்ந்து, புன்னகையோடு பாடியதைப் பல்லாயிரம் வெள்ளை இளைஞர்கள் வாய்திறவாமல் கேட்டார்கள். அதற்கொரு பொருள் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1928இல் அவர் தட்டுகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திக் கறுப்பர்கள். 1963இல் அவர் முன் அமர்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வடக்கத்தி வெள்ளையர்கள். அக்காலக் கறுப்பின இளைஞர்கள் மோட்டவுன் பாட்டுகளையும் சோல் இசையையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பருத்திக் காட்டிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காட்டின் இசை மேல் ஏக்கம் பிறக்க நியாயமில்லை. ஒருவருக்கு வேராகத் தெரிவது இன்னொருவருக்குத் தளையாக இருந்திருக்கலாம்.

*

ஹர்ட் கண்டெடுக்கப்பட்ட செய்தி ஒரு தேடல் வேட்கையையே கிளப்பிவிட்டது. ஜான் ஃபேஹியும் எட் டென்சனும், 'அபர்டீன் மிசிசிப்பி ப்ளூஸ்' என்ற 1940ஆம் ஆண்டுப் பாட்டை நம்பி, 'பழைய ப்ளூஸ் பாடகர் புக்கா வைட், அபர்டீன், மிசிசிப்பி' என்ற முகவரிக்கே கடிதம் போட்டார்கள். கடிதம் கைமாறிக் கைமாறி மெம்ஃபிஸில் இருந்த அவரையே அடைந்தது. 1964 ஜூனில் ஸ்கிப் ஜேம்ஸை டூனிகா மருத்துவமனைக் கட்டிலில் கண்டார்கள். சில நாள் இடைவெளியில் சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் கண்டார்கள். மிசிசிப்பி முழுவதும் அலைந்து தேடப்பட்ட அவர் நெடுங்காலத்துக்கு முன்பே வடக்கே போயிருந்தார். கிட்டாரைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பயின்றிருந்த ஆலன் வில்சன் என்ற இளைஞர் உடனிருந்து வாசித்து, அவர் பாட்டுகளை அவருக்கே நினைவூட்டினார்.

அந்த ஜூன் மாதம் 21ஆம் தேதி இரவில்தான் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டத்தில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று வாக்குரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். வடக்கேயிருந்து கார்களில் வந்த இளைஞர்களில் ஒரு சாரார் பழைய பாடகர்களைத் தேடினார்கள். மறு சாரார் புதிய வாக்காளர்களைத் தேடினார்கள். இரு சாராரும் ஒரே சாலைகளில் போனார்கள். இரு சாராரையும் ஷெரீப்புகள் ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள்.

*

இனிப் பரிசில் கணக்குக்கு வருவோம்.

கண்டுபிடித்தவர்கள் ஹர்ட்டோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஹாஸ்கின்ஸ், ஸ்பாட்ஸ்வுட், டென்சன் ஆகியோர் சேர்ந்து அமைத்த மியூசிக் ரிசர்ச் என்ற நிறுவனத்திடம் அவருடைய பதிவு உரிமை சென்றது. அவர்கள் பெருவணிகர்கள் அல்லர். இசைமீது பித்துக்கொண்ட இளைஞர்கள். அவர்களுடைய அன்பை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அன்பும் ஒப்பந்தமும் ஒரே கையெழுத்தில் கலந்துவிட்டால், பின்னர் எது எதுவென்று பிரித்தறிவது அரிது. தம் வாழ்நாளெல்லாம் நிலக்கிழாரின் கணக்கேட்டை நம்பி வாழ்ந்த குத்தகைக் குடியானவர், முன்னால் நீட்டப்பட்ட தாளின் ஒவ்வொரு பிரிவையும் ஆராய்ந்து ஒப்பமிட்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

பின்னர் பெரிய நிறுவனமான வேங்கார்ட் அவர் பாட்டுகளைப் பதிந்தது. 1966இல் 'டுடே' என்ற தொகுப்பு வெளிவந்தது. 'இன்று' என்பது அதன் பொருள். பழம்பொருளாகக் கருதப்பட்டவரின் தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்காது. காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அத்தொகுப்பு பின்னாளில் இடம்பெற்றது. ஆனால் அவர் பாட்டுகளின் உரிமை குறித்து மியூசிக் ரிசர்ச்சும் வேங்கார்டும் 1970களில் நீதிமன்றத்தில் வழக்காடின. பாடியவர் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தார்.

மறுபுறத்தையும் சொல்வதே நேர்மை. டிக் வாட்டர்மன் என்பவர் இம்முதியவர்களின் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வதற்கென்றே ஒரு முகவாண்மை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் அவலான் புரொடக்‌ஷன்ஸ். ஹர்ட், ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் ஆகியோருக்கு உரிய ஊதியம் கிடைக்கவும், பாட்டுரிமைத் தொகை வந்து சேரவும் அவர் பாடுபட்டதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிந்த பாட்டொன்றை இங்கிலாந்தின் க்ரீம் குழு 1966இல் பாடி வெளியிட்டது. அதனால் வந்த உரிமைத்தொகை, புற்றுநோயோடு போராடிய ஜேம்ஸின் கடைசி ஆண்டுகளுக்கு உதவிற்று. உரிமை என்பது ஏட்டளவில் நின்றுவிடாமல், மருத்துவமனைக் கட்டணமாக உருவெடுக்கும் இடம் அது. யார் பெயரில் பாட்டு பதிவாகியிருக்கிறது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது.

*

இக்கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் 'கண்டுபிடித்தார்கள்' என்றே எழுதுகிறார்கள். மேலே நானும் அச்சொல்லைத்தான் ஆண்டேன். ஆனால் ஹர்ட் எப்போது தொலைந்து போனார்? அவலான் கடையில் இருந்தவர்களுக்கு அவர் எந்தத் தபால் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறார் என்பது தெரிந்தே இருந்தது. அவர் ஊர் அவரை மறக்கவில்லை. இசைத்தட்டு நிறுவனம் மறந்தது. நிலப்படம் வரைந்தவர்கள் மறந்தார்கள். மறந்தவர்கள் நினைவுகூர்ந்ததற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர் வைத்தார்கள். இலக்கிய வரலாறு கற்பிக்கிறவர்கள் இந்தச் சொல்லாட்சியைக் கவனமாகக் கையாள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதேவேளை, அந்த இளைஞர்கள் காரை எடுத்துக்கொண்டு புறப்படாதிருந்தால் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை பன்னிரண்டு பாட்டுகளும் ஒரு பெயருமே. அவருடைய பாட்டுலகின் அகலம், அந்தச் சிரிப்பு, விரல்களின் நிதானம் எல்லாம் மண்ணோடு போயிருக்கும். நகரத்து மேடைகளில் அவர் மகிழ்ந்திருந்தார் என்பதற்கும் சான்றுகள் நிறைய உண்டு. இளம் கிட்டார் கலைஞர்களை அருகே அமர்த்திப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். லவிங் ஸ்பூன்ஃபுல் என்ற புகழ்பெற்ற குழு தன் பெயரையே அவர் பாட்டொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. இழைக்கப்பட்ட அநீதி, கிடைத்த நன்மை இரண்டுமே மெய். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிட இயலாது.

மூன்றாண்டுப் பயணத்துக்குப் பின் ஹர்ட் வாஷிங்டனில் தங்கிவிடவில்லை. மிசிசிப்பிக்கே திரும்பி, அவலானுக்கு அண்மையிலுள்ள கிரனாடாவில் குடியமர்ந்தார். 1966 நவம்பர் 2 அன்று அங்கே காலமானார். அவலானுக்கருகே மரங்கள் சூழ்ந்த சிறு இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த மரவீடு, பேத்தி ஒருவரின் முயற்சியால் அருங்காட்சியகமாகிப் பல நாட்டு ஆர்வலர்களை ஈர்த்துவந்தது. 2024 பிப்ரவரியில் அது தீக்கிரையாயிற்று.

அமெரிக்கா 2018இல் இயற்றிய சட்டத்தின்படி, 1928இல் வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமை நூறாண்டுகள் நிறைந்து 2029 தொடக்கத்தில் நீங்கும். மெம்ஃபிஸில் பதிந்த அந்த முதல் தட்டு அன்று பொதுச்சொத்தாகும். எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்காமல் யாரும் அதைப் பிறருக்குக் கொடுக்கலாம். சனிக்கிழமை இரவு அவலான் நடனக் கூட்டத்தில் அந்தப் பாட்டுகள் அப்படித்தான் இருந்தன.